அணிந்துரை அய்யா வீட்டுப் பின்னறை

அக்டோபர் 23, வியாழன்

தீபாவளிப் பலகாரம் கொண்டுவந்த சம்பந்தியம்மா, குளியலறை என்று நினைத்துப் பின்னறைக் கதவைத் திறந்துவிட்டார். திறந்தவர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அப்படியே நின்றார். எனக்கு உயிரே போய்விட்டது.

"இந்த ரூம்லயா சம்பந்தி புள்ளையப் படுக்க வெக்கப்போறீங்க?"

புள்ளை என்றது என் மகள் அல்லியை. ஓசூரில் மாமியார் வீட்டில் இருக்கிறாள். எட்டாம் மாதம். நவம்பர் ஒன்பதாம் தேதி வளைகாப்பு. அது முடிந்த கையோடு தலைப்பிரசவத்துக்கு இங்கே திருச்சிக்குக் கூட்டி வர வேண்டும். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. தூசி பட்டால் மூச்சு விசிலடிக்கும். இந்த நேரத்தில் இழுப்பு வந்தால் வயிற்றில் இருக்கிற குழந்தைக்கும் ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இந்த வீட்டில் இருந்தவரை மாதாமாதம் நெபுலைசர்தான். ஹாஸ்டலுக்குப் போனதும் இழுப்பு நின்றுவிட்டது. தண்ணீர் மாறியதால் என்றார் இவர். கேட்டவர்களிடமெல்லாம் நானும் அதையே சொன்னேன்.

சம்பந்தியம்மா வாசலில் செருப்பு மாட்டும்போது சொன்னார். "தப்பா நெனைக்காதீங்க. ரூம் சுத்தமானா கூட்டிட்டு வாங்க. இல்லைன்னா நாங்களே பாத்துக்கறோம். தலைப்பிரசவத்த மாமியார் வீட்ல பாத்தா ஊர்ல நாலு பேரு ஒரு மாதிரி பேசுவாங்க. பேசிட்டுப் போறாங்க, என்ன இப்ப?"

பெற்றவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

இவர் என்பவர் பேராசிரியர் அறவாழி. கல்லூரியில் தமிழ்த்துறைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கெல்லாம் 'அணிந்துரை அய்யா'. யார் கவிதைத் தொகுப்பு போட்டாலும் கட்டுக்கட்டாகத் தாளைத் தூக்கிக்கொண்டு இங்கேதான் வருவார்கள். காப்பி நான் போடுவேன், அணிந்துரை இவர் போடுவார். அச்சானதும் பத்துப் பிரதியும் ஒரு பொன்னாடையும் வந்து சேரும். பொன்னாடை பீரோவுக்கு, புத்தகம் பின்னறைக்கு. கல்யாணமான நாளிலிருந்து இதே கதை.

ராத்திரிச் சாப்பாட்டில் சொல்லிவிட்டேன். அறை காலியாக வேண்டும். ஒரே ஒரு அலமாரி தருகிறேன், அதில் கொள்வது மட்டும் இருக்கட்டும்.

"ஒரு வாரம் குடு இந்திராணி. தேர்ந்தெடுத்துடறேன்."

அக்டோபர் 24, வெள்ளி

சீ!

அரசு மருத்துவமனை ஆய்வகத்தில் சம்பளம் வாங்கியவள் நான். ஊர் மலம், மூத்திரம், சளி எல்லாம் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்த்துவிட்டு, கை கழுவி, அதே மேசையில் தயிர்சாதம் சாப்பிட்டிருக்கிறேன். குமட்டியதே இல்லை. இன்று குமட்டியது.

பின்னறை அலமாரியின் அடித்தட்டைத் திறந்தேன். மழை ஓதத்தில் புத்தகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் செங்கல் மாதிரி ஆகிவிட்டிருந்தன. பிரித்தால் பச்சைப் பூஞ்சணம். ராமபாணப் பூச்சிகள் வெளிச்சம் பட்டதும் நழுவி ஓடின. ஒரு வெண்பாத் தொகுப்பின் நடுவைக் குடைந்து எலி கூடு கட்டி, குட்டி போட்டிருந்தது. தோலுரித்த மாதிரிச் சிவப்பாக, கண் திறக்காமல் நெளிந்தன. மூத்திர நாற்றம் மண்டைக்கு ஏறியது. எலிக்குப் பிரசவம் பார்க்க என் வீட்டில் இடம் இருக்கிறது.

பின்னால் நகரும்போது ஒரு புத்தகத்தை மிதித்துவிட்டேன். கை தானாகக் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. பழக்கதோஷம். ஒற்றிய பிறகுதான் பார்த்தேன், விரலெல்லாம் எலிப்புழுக்கை.

கர்மம், கர்மம்! டெட்டால் போட்டுக் குளித்தும் நாற்றம் போகவில்லை.

அக்டோபர் 25, சனி

கண் சிவந்துவிட்டது. சரஸ்வதி கடாட்சம்.

இவர் கைலி கட்டிக்கொண்டு, தலையில் துண்டு சுற்றிக்கொண்டு உள்ளே இறங்கினார். மூன்று குவியலாம். வைத்துக்கொள்வது, கொடுத்துவிடுவது, யோசிப்பது. சாயங்காலம் போய்ப் பார்த்தேன். யோசிப்பது என் இடுப்பு உயரத்துக்கு வந்திருந்தது. கொடுத்துவிடுவதில் கொஞ்சம். அதைக் கிளறிப் பார்த்தால் எனக்கு வயிறு எரிந்தது. பழைய அகராதி, உரையோடு கூடிய இலக்கணங்கள், இவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பட்டினி கிடந்து வாங்கிய சங்க இலக்கியத் தொகுதிகள். படிக்கிற புத்தகமெல்லாம் வெளியே.

"இதையெல்லாமா குடுக்கப் போறீங்க?"

"இதெல்லாம் எந்த நூலகத்துலயும் கெடைக்கும்மா."

"அப்ப வெச்சுக்கறது எது?"

"என் அணிந்துரை இருக்கறது."

சொல்லும்போது முகத்தில் ஒரு கூச்சம்கூட இல்லை. வைத்துக்கொள்ளும் குவியலில் ஒன்றை எடுத்தேன். அணிந்துரை வரைக்கும் பக்கம் பிரிந்திருந்தது. அதற்கப்புறம் அச்சகத்தில் வெட்டாமல் விட்ட தாள் அப்படியே இருந்தது. கத்தி வைத்தால்தான் கவிதைக்குள் போக முடியும்.

"உள்ள படிச்சீங்களா இத?"

"படிக்காமயா எழுதுவேன்?" என்று அதை என் கையிலிருந்து பிடுங்கித் துடைத்து வைத்தார். துடைத்தது பொன்னாடையால். பொன்னாடை எதையும் துடைக்காது, இங்கிருக்கும் தூசியை அங்கே தள்ளும். அதற்கும் உபயோகமில்லாத ஜென்மம்.

கொடுத்துவிடுவதன் அடியில் என்னுடைய ஒட்டுண்ணியியல் பாடநூல் கிடந்தது. டிப்ளமா படித்தபோது வாங்கியது, ஓரமெல்லாம் என் பென்சில் எழுத்து. வீட்டில் என்னுடையது என்று இருந்த ஒரே புத்தகம். எடுத்துக்கொண்டு போய்ச் சமையலறையில் மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன்.

அக்டோபர் 27, திங்கள்

பழைய பேப்பர் கடைக்காரர் தள்ளுவண்டியோடு வந்தார். கொடுத்துவிடும் குவியலை ஏற்றியாயிற்று. வண்டி தெருமுனை போவதற்குள் இவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். எனக்கு மானம் போயிற்று. எதிர்வீட்டம்மா மாடியிலிருந்து பார்க்கிறாள். திரும்பும்போது இரண்டு கையிலும் அணைத்தபடி ஒரு கட்டு.

"இது வேல்விழிச்செல்வியோட ஹைக்கூ. அந்தப் பொண்ணு கேட்டா என்ன சொல்றது?"

"யாருங்க அது?"

நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "நாமக்கல்னு ஞாபகம். பேங்க்ல இருக்குதோ என்னமோ."

முகமே ஞாபகம் இல்லை. கட்டு மட்டும் மறுபடி வீட்டுக்குள்.

அக்டோபர் 28, செவ்வாய்

மழை. கண் சொட்டு மருந்து. சாம்பாருக்கு முருங்கைக்காய் இல்லை. நூலகத்துக்குப் போன் போட்டார், அவர்களும் இடமில்லை என்றுவிட்டார்களாம். நல்லவேளை, அங்கேயாவது நாலு பேர் உட்காரட்டும்.

அக்டோபர் 30, வியாழன்

இவரை நம்பினால் பேரன் பேத்தி காது குத்துக்குத்தான் அறை காலியாகும். நானே முகக்கவசம் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாக அணிந்துரையைப் படித்துப் பார்த்துக் கழிக்கலாம் என்று இறங்கினேன்.

முதலில் சிரிப்பு வந்தது. எல்லாம் ஒரே அச்சு. "இந்நூலாசிரியரை நான் நெடுநாளாக அறிவேன்." அடுத்தது, "இவர் எனக்கு மகள் போன்றவர்." ஆணாக இருந்தால் இளவல் போன்றவர். அப்புறம் ஒரு குறளடி, அப்புறம் தமிழன்னையின் கழுத்தில் ஓர் ஆரம், தேதி, கையெழுத்து. கரூர் டீச்சர் மகள் போன்றவர். தபால் ஆபீஸில் வேலை பார்க்கும் அறந்தாங்கி அம்மாள் மகள் போன்றவர். அவருக்குப் பின்னட்டைப் படத்தில் என்னைவிட நாலு வயது கூட இருக்கும். அவரும் மகள் போன்றவர்.

படிக்கப் படிக்கச் சிரிப்பு அடங்கிவிட்டது. அல்லி மாசமாக இருக்கிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து இவர் அவளோடு எத்தனை தடவை பேசியிருக்கிறார் என்று யோசித்தேன். நான் பேசும்போது பக்கத்தில் இருந்து "நல்லாருக்காளான்னு கேளு" என்பார். நான் கேட்பேன். "நல்லாருக்கேன்னு சொல்லு" என்பாள். தந்திக் கம்பம் மாதிரி நடுவில் நான்.

அந்தத் தாள்களைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினேன்.

நவம்பர் 2, ஞாயிறு

பெரிய சண்டை. மடித்துப் போட்ட துணியெல்லாம் தூக்கி எறிந்தேன் என்று நினைக்கிறேன்.

"நீங்க புத்தகத்தோட இருக்கீங்களா, மகளக் கூட்டிட்டு வரீங்களா? இன்னைக்கே சொல்லுங்க."

"அதென்ன அப்படிக் கேக்கற? இவங்கல்லாம் என்னை நம்பி வந்தவங்க இந்திராணி."

"அல்லி?"

"அல்லி நம்ம பொண்ணு. அவ எங்க போயிடப் போறா?"

அடச்சே என்று வந்துவிட்டது வாயில். அவர் சோபாவில் போய் உட்கார்ந்துகொண்டார். சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ரிட்டையரானப்புறம் இந்த வீட்டுக் கதவத் தட்டினவங்க இவங்க மட்டுந்தான். கூட வேலை பாத்தவன் ஒருத்தன் வரல."

பாவமாக இருந்தது. பாவமாக இருந்ததே எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. இதே பாவத்தில்தானே இத்தனை வருஷம் ஓட்டினேன்.

"சரி," என்றார் கடைசியில். "ரூம நான் பாத்துக்கறேன். நீ வளைகாப்பு வேலையப் பாரு. இந்தப் பக்கமே வராத, உனக்குக் கண்ணு வேற சரியில்ல."

நவம்பர் 3, திங்கள்

சின்னக்கடை வீதியில் வளையல். பச்சையும் சிவப்பும். அல்லி கை இப்போது வீங்கியிருக்கும், ஒரு சுற்றுப் பெரியதாகவே வாங்கினேன். புளிக்காய்ச்சலுக்குப் புளி, நல்லெண்ணெய், எள். பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு இவர் வேலை செய்கிறார். சுண்ணாம்பு வாசனை வருகிறது. நம்பவா வேண்டாமா?

நவம்பர் 6, வியாழன்

நம்பத்தான் வேண்டும்!

அறை வெள்ளை வெளேரென்று இருக்கிறது. அலமாரி ஒன்று, அதற்குள் ஒழுங்காகக் கொஞ்சம் புத்தகம். ஜன்னலுக்குக் கொசுவலை. சுவரோரம் படுக்கை, தரைவரை தொங்கும் பூப்போட்ட விரிப்பு. இவர் கதவோரம் நின்று, பரிசு வாங்கப் போகிற பையன் மாதிரிக் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வாய்க்கு வந்தபடி பேசினேனே என்று இருந்தது.

உடனே வீடியோ கால் போட்டுக் காட்டினேன். "பரவால்லையே சம்பந்தி! எங்க வீட்டு ரூமவிட நல்லாருக்கே" என்றார் சம்பந்தியம்மா. அல்லி போனை வாங்கி, திரையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து மூலைமூலையாகப் பார்த்தாள்.

"அப்பாவாம்மா பண்ணாரு? அவரேவா?"

"அவரேதாண்டி."

அப்புறம், "அப்பாட்ட குடு" என்றாள். கொடுத்தேன். இவர் "ம், ம், சாப்டியா, ம்" என்று ஏதோ பேசினார். அதுவே எனக்குத் தேர் இழுத்த மாதிரி இருந்தது.

இன்றைக்கு மைசூர்பாகு கிண்டினேன். பதம் தவறவில்லை.

நவம்பர் 8, சனி

பனிக்குடம் உடைந்தால் மெத்தை நனையும் என்று ரெக்சின் வாங்கி வந்திருந்தேன். அதை மெத்தைக்கு அடியில் செருகக் கையை விட்டேன். கட்டில் சட்டம் தட்டுப்படவில்லை. சணல் தட்டுப்பட்டது.

விரிப்பைத் தூக்கினேன்.

கட்டில் இல்லை. அத்தனையும் புத்தகம். கட்டுக்கட்டாகச் சணல் போட்டு இறுக்கி, செங்கல் அடுக்குகிற மாதிரி மாற்றி மாற்றி அடுக்கி, மேலே பிளைவுட் போட்டு, அதன்மேல் மெத்தை. யோசிப்பது, வைத்துக்கொள்வது, கரூர் டீச்சர், அறந்தாங்கி அம்மாள் எல்லாரும் அங்கே இருந்தார்கள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு ராமபாணப் பூச்சி சணல் மேல் ஏறி மெத்தை ஓரத்துக்குள் புகுந்தது. அல்லி தலை வைக்கிற பக்கம்.

வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன். காலையில் குடித்த காப்பி வெளியே வந்துவிட்டது.

இவர் பின்னாலேயே வந்து நின்றார். "கட்டிலவிட இது கெட்டி இந்திராணி. துளி ஆடாது, சத்தம் போடாது. பிள்ளத்தாச்சிக்கு நல்லது."

"கட்டில் எங்க?"

"எடைக்குப் போட்டுட்டேன். எதையாச்சும் எடைக்குப் போடுங்கன்னு நீதானே சொன்ன?"

கேலி இல்லை, நிஜமாகவே சொல்கிறார். அல்லியைப் பெற்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று நான் படுத்த இரும்புக் கட்டில் அது. அவர் முகத்தைப் பார்த்தேன். பாராட்டுக்குக் காத்திருக்கிற முகம். எனக்கு அவர் மேலே கோபம்கூட வரவில்லை. அருவருப்புதான் வந்தது. எலிக்குட்டியைப் பார்த்தபோது வந்த அதே அருவருப்பு. புருஷனைப் பற்றி இப்படி எழுதக் கூடாதுதான். எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

இனிப் பிரித்து அடுக்கித் துடைக்க நேரம் இல்லை. விடிந்தால் கார் வருகிறது. அல்லி போன் பண்ணினாள். "என் தலகாணிய எடுத்துட்டு வரட்டுமா, அங்க இருக்கா?"

எடுத்து வா என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு. ஓசூர்

வளைகாப்பு நன்றாகவே நடந்தது. அல்லிக்கு மஞ்சள் பட்டு. கன்னத்தில் சந்தனம் பூசும்போது சிரித்தாள். வளையல் முழங்கை வரைக்கும். என் புளியோதரையை எல்லாரும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

முடிகிற நேரத்தில் சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருத்தர் எழுந்து, "பேராசிரியர் அய்யா வந்திருக்காரு, பொண்ண வாழ்த்தி ரெண்டு வார்த்தை பேசட்டும்" என்றார். மைக் இல்லாமலே இவர் தொண்டையைச் செருமினார். தோளில் அவர்கள் போட்ட பொன்னாடை.

"அவையோர்க்கு வணக்கம். அல்லியை நான் நெடுநாளாக அறிவேன். இவர் எனக்கு மகள் போன்றவர்."

ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. அப்புறம் ஹாலே சிரித்தது. புரொபசர் தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்துக் கைகூடத் தட்டினார்கள். இவருக்கு என்ன சொன்னோம் என்றே தெரியவில்லை. கைதட்டலைக் கேட்டதும் முகம் மலர்ந்து, குறளடிக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் தமிழன்னை வந்தாள்.

நான் அல்லியைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. இவர் பேசி முடித்து ஆசீர்வாதம் பண்ண அட்சதையோடு பக்கத்தில் வந்தபோது, வளையல் சத்தம் வராமல் கையை மடியில் வைத்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள்.

"சரியாத்தாம்ப்பா சொன்னீங்க."

"நல்லா இருந்துச்சாம்மா?" என்றார் இவர்.

சீ என்று நான் சத்தமாகவே சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் சாம்பிராணிப் புகைக்குச் சொன்னதாக நினைத்திருப்பார்கள்.

சம்பந்தியம்மா பையையும் தலையணையையும் கொண்டுவந்து வைத்தார். "நல்ல நேரத்துக்குள்ள கெளம்பிடுங்க சம்பந்தி."

"கூட்டிட்டுப் போகல," என்றேன். "ரூம் சுத்தமாகல."

"அன்னிக்கிக் காட்டினீங்களே?"

"மெத்தைக்கு அடியில பூரா புத்தகம். கட்டில எடைக்குப் போட்டுட்டாரு."

சபையில் வைத்து அப்படியே சொன்னேன். இவர் முகம் செத்துப்போயிற்று. போகட்டும். சம்பந்தியம்மா மூக்கில் விரல் வைத்தார். அல்லி மட்டும் ஆச்சரியப்படவில்லை. தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஆச்சரியப்பட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"அப்ப நீங்க?" என்றார் சம்பந்தியம்மா.

"இடம் குடுத்தா நானும் இங்கயே இருக்கேன். பிரசவம் நான் பாக்கணும். ஊர்ல நாலு பேரு பேசினா என்னைப் பேசட்டும்."

"இடத்துக்கு என்ன சம்பந்தி, அவ ரூம்லயே இன்னொரு கட்டில் போட்டுக்கலாம்," என்றார் அவர்.

இவர் தனியாகக் காரில் ஏறினார். ஏறும்போது, "பால்காரனுக்கு என்ன சொல்றது?" என்று கேட்டார்.

நவம்பர் 12, புதன்

ஓசூரில் நல்ல குளிர். வெந்தயக்களி கிண்டினேன். அல்லிக்குக் கால் வீக்கம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. பிரஷர் சரியாக இருக்கிறது. இந்த வீட்டில் புத்தகம் என்று தேடினால் ஒரு பஞ்சாங்கம் கிடைக்கும். என்ன சுகம்!

நவம்பர் 16, ஞாயிறு

காலையில் இவர் போன் பண்ணினார். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்ததால் அல்லி ஸ்பீக்கரில் போட்டு என் பக்கத்தில் வைத்தாள்.

இட்லி மாவு புளித்துவிட்டதாம். மிக்ஸி மூடி எங்கே என்றார். சொன்னேன். அப்புறம் கொஞ்சம் தயங்கினார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்துக் கீரையைக் கீழே வைத்தேன். அல்லியும் நகராமல் நின்றாள்.

"ஒண்ணுமில்ல இந்திராணி. இங்க ஒரே மழை. அதான், பின்னறை இப்ப சும்மாத்தானே கெடக்கு? எல்லாத்தையும் திரும்ப அலமாரியில அடுக்கிடட்டுமா? தரையில இருந்தா ஓதம் ஏறுது."

அல்லி குனிந்து, போனுக்குப் பக்கத்தில் வாயை வைத்துச் சொன்னாள்.

"அடுக்கிக்கோங்கப்பா. நாங்க யாரும் அங்க வரல."

"அல்லியா? நல்லாருக்கியாம்மா? சரி சரி, அப்ப அடுக்கிடறேன்," என்று நிம்மதியாக வைத்துவிட்டார்.

ஆய்ந்த கீரையை அலசிக் குக்கரில் போட்டேன். அல்லி சுவரைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மூச்சு சீராக இருந்தது. விசில் இல்லை.

"பிரசவம் முடிஞ்சு நீ எப்பம்மா போவ?"

"எங்க?"

"வீட்டுக்கு."

"வீட்லதானடி இருக்கேன்," என்றேன்.